குருதிவழித் தூது கண்ட ஸ்டார்லிங்

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்கு மாதக்கணக்காக நீர்நீராய் வயிற்றுப்போக்கு நிகழ்கின்றது என வைத்துக்கொள்வோம். வயிறு உப்பியிருக்கின்றது, கைகால்கள் குச்சியாகிவிட்டன, அழவும் வலுவின்றித் தாயின் தோளில் சாய்ந்து கிடக்கின்றது. பாலை நிறுத்திப் பார்க்கின்றனர். கஞ்சியை மாற்றிப் பார்க்கின்றனர். கிருமிகளைத் தேடி மலத்தைச் சோதிக்கின்றனர். ஒன்றும் அகப்படவில்லை. ஈற்றில், வாய்வழி யாதும் கொடாது, இரத்தக் குழாய் வழியே மருந்துநீர் மட்டும் ஏற்றிக் கிடத்திய நாளிலும் போக்கு நின்றபாடில்லை. உண்ணாத வயிற்றினின்றும் இத்துணை நீர் எங்ஙனம் வருகின்றது?

குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற் பெரும்பகுதி கிருமிகளாலும் ஒவ்வா உணவாலும் வருவதே. ஆயினும் மிகச் சிலரிடத்துக் குற்றம் குடலில் இல்லை, உணவிலும் இல்லை. குடலுக்கு அப்பால், சிறுநீரகத்தின் மேலோ முதுகெலும்பின் அருகிலோ, ஒரு கட்டி ஒளிந்திருந்து குருதியில் ஒரு பொருளை ஓயாது கலந்துவிடுகின்றது. அப்பொருள் குடலைச் சென்றடைந்து, நீரைக் கொட்டு என்று ஏவுகின்றது. குடலும் கீழ்ப்படிகின்றது. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பைக் குருதிவழியே இவ்வாறு ஏவக்கூடும் என்னும் எண்ணமே 1902-க்கு முன் மருத்துவ உலகில் வேரூன்றியிருக்கவில்லை. அதனை ஐயந்திரிபற நாட்டி, அவ்வேவற் பொருள்களுக்குப் பெயரும் சூட்டியவர் எர்னஸ்ட் ஹென்றி ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேயர். நாம் மருத்துவம் பயில்வோர் அல்லோம், தமிழ் பயில்வோம். எனினும் அவர் வாழ்க்கை நம் மனத்தைப் பற்றிக்கொண்டமையின் ஈண்டு அதனை எழுதத் துணிந்தோம்.

ஸ்டார்லிங் 1866-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். அவர் தந்தையார் பம்பாயில் அரசாங்க நீதித்துறைப் பதவி ஒன்றில் இருந்தவர். கடல் கடந்து இல்லம் மீள்வது சில ஆண்டுகளுக்கு ஒரு முறையே. ஆகவே பிள்ளைகளை வளர்த்த பொறுப்பெல்லாம் அன்னையாருடையதாயிற்று. நம் நாட்டு ஊதியத்தில் வளர்ந்த அப்பிள்ளை, பதினாறு வயதில் லண்டனிலுள்ள கைஸ் மருத்துவமனைக் கல்லூரியிற் சேர்ந்தார். பரிசுகள் பல பெற்றார். அவர் பெரிய மருத்துவராகிப் பெருஞ்செல்வம் ஈட்டுவார் என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் 1885-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பெர்க் சென்று, கூனே என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தைக் கண்டார். அங்கே அவர் உள்ளம் திரும்பிவிட்டது. நோயாளியின் படுக்கையருகில் நின்று விடை தெரியாது தவிப்பதினும், உடல் நலமாயிருக்கையில் எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கையாயிற்று.

அக்காலத்தில் இங்கிலாந்தில் உடலியல் ஆராய்ச்சிக்குப் பொருளும் இல்லை, இடமும் போதாது. கைஸ் கல்லூரியில் ஆசிரியப் பணி செய்துகொண்டே, 1890 முதல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ஆய்வுக்கூடத்திற்கும் சென்று உழைத்தார். அடுத்த ஆண்டு, இளமையிலேயே மறைந்த ஊல்ட்ரிட்ஜ் என்னும் உடலியல் அறிஞரின் மனைவியாராகிய பிளாரன்சு அம்மையாரை மணந்தார். கைம்பெண்ணை மணப்பதை நம்மவர் பெருஞ்செயலாகக் கொண்டு பேசுவர். அவர் அதனை இயல்பான செயலாகவே செய்தார். அவ்வம்மையார் கணவரின் எழுத்து வேலைகளுக்கெல்லாம் கையும் கண்ணுமாய் விளங்கினார்.

யூனிவர்சிட்டி கல்லூரியில்தான் அவருக்கு வில்லியம் பேலிஸ் என்னும் நண்பர் வாய்த்தார். இருவரும் இயல்பால் வேறுபட்டவர்கள். ஸ்டார்லிங் விரைவும் வேகமும் உடையவர். நினைத்ததை அப்பொழுதே சொல்லிவிடுவார். பகையைத் தேடுவதில்லையெனினும் வந்த பகைக்கு அஞ்சுவதுமில்லை. பேலிஸோ செல்வக் குடியிற் பிறந்து, அடக்கமே உருவாய், தோட்டத்து நிழலில் அமர்ந்து ஆர அமரச் சிந்திப்பவர். 1893-இல் பேலிஸ் ஸ்டார்லிங்கின் தங்கையாராகிய கெர்ட்ரூடு அம்மையாரை மணக்கவே, நட்பு உறவாகவும் முதிர்ந்தது. மைத்துனர் இருவர் ஒரே மேசையில் ஆராய்ச்சி செய்வதென்றால் இரண்டாம் வாரத்திலேயே சண்டை மூளும் என்று நம்மூரிற் சொல்வார்கள். இவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒருங்கே உழைத்தனர். உணவு மேற்புறம் சுருங்கிக் கீழ்ப்புறம் விரிந்து குடலில் எவ்வாறு தள்ளப்பட்டுச் செல்கின்றது என்பதை 1899-இல் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1896-இல், ஸ்டார்லிங் தனியே மற்றோர் உண்மையைக் கண்டிருந்தார். குருதியிலுள்ள புரதங்கள் நீரைத் தம்பால் இழுத்துப் பிடிக்கின்றன. இதயத்தின் அழுத்தம் அந்நீரை நுண்குழாய்க்கு வெளியே தள்ளுகின்றது. இவ்விரண்டின் இழுபறியினாலேயே உடலில் நீர் உரிய இடத்தில் நிற்கின்றது என்பதே அது. 1899-இல் அவர் அக்கல்லூரியின் உடலியற் பேராசிரியராக அமர்ந்தார். ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் ஆனார். அப்பொழுது அவருக்கு வயது 33.

இனி 1902-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாளுக்கு வருவோம்.

இரைப்பையில் புளித்த உணவு முன்சிறுகுடலில் இறங்கியவுடன், கணையம் தன் செரிமான நீரைச் சுரக்கின்றது. உணவு வந்ததைக் கணையம் எங்ஙனம் அறிந்தது? ருசியாவின் பெரும் புலவராகிய பாவ்லோவ், இஃது நரம்பின் செயல் என்றார். அமிலம் குடலில் பட்டவுடன் நரம்பு உணர்ந்து, கணையத்திற்கு ஆணை அனுப்புகின்றது என்பது அவர் கூற்று. அவர் கூற்றை மறுப்பார் அன்று அரியர். ஏனெனில் உடம்பின் செய்தியெல்லாம் நரம்பின் வழியே செல்வது என்று எல்லோரும் நம்பியிருந்தனர். அதே யூனிவர்சிட்டி கல்லூரியில் 1894-இல் ஆலிவர், ஷேபர் என்னும் இருவர், அட்ரீனல் சுரப்பியின் சாறு குருதியழுத்தத்தை உயர்த்துவதைக் காட்டியிருந்தனர். எனினும் அதனை உடலின் அன்றாட ஆட்சிமுறையாக எவரும் கொள்ளவில்லை.

மைத்துனர் இருவரும் மயக்க மருந்து கொடுத்த நாய் ஒன்றில் சோதனையைத் தொடங்கினர். சிறுகுடலின் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, அதற்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்து நீக்கினர். குருதிக் குழாய்கள் மட்டும் எஞ்சின. அத்துண்டு இப்பொழுது நரம்புலகிற்குச் செத்தது; குருதியுலகிற்கு மட்டுமே உயிருடையது. அதனுள் 0.4 விழுக்காட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தினர். பாவ்லோவ் சொன்னது மெய்யாயின் கணையம் வாளாவிருத்தல் வேண்டும். ஆனால் சிறிது நேரத்தில் கணையக் குழாயினின்றும் துளித்துளியாய் நீர் வடியலாயிற்று. நரம்புகள் முழுமையாயிருந்த முன்சிறுகுடலில் அமிலம் இட்டபோது எவ்வாறு வடிந்ததோ அவ்வாறே வடிந்தது.

இவ்விடத்தில் வேறொருவராயின் நரம்பில் ஏதோ ஓர் இழை அறுபடாமல் விடுபட்டிருக்கும் என்று தம்மையே ஐயுற்று, மறுநாள் திரும்பவும் அறுக்கத் தொடங்கியிருப்பர். ஸ்டார்லிங் அவ்வாறு செய்யவில்லை. அமிலத்தை நேரே குருதியில் ஏற்றினால் கணையம் சுரப்பதில்லை என்பது முன்பே பிறர் கண்டது. ஆகவே செய்தியைக் கொண்டு சென்றது அமிலமும் அன்று, நரம்பும் அன்று. குடலின் உட்சவ்வில் அமிலம் பட்டவுடன் புதிதாய் ஒரு பொருள் பிறந்து குருதியிற் கலந்திருத்தல் வேண்டும். அக்கணமே அவர் குடற்றுண்டு ஒன்றின் உட்சவ்வைச் சுரண்டியெடுத்தார், மணலும் அமிலமும் சேர்த்து உரலில் அரைத்தார், வடிகட்டினார், அச்சாற்றை நாயின் கழுத்துச் சிரையில் ஏற்றினார். ஓரிரு கணம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர்க் கணையநீர் முன்னினும் விரைவாய்ச் சொட்டத் தொடங்கியது. அன்று அவ்வறையில் விருந்தினராய் உடனிருந்த சார்ல்ஸ் மார்ட்டின் என்னும் அறிஞர், அப்பிற்பகலை வாழ்நாள் முழுதும் மறவாது பின்னர் எழுதிவைத்தார்.

அப்பொருளுக்குச் செக்ரீட்டின் என்று பெயரிட்டு, அம்மாதம் முடிவதற்குள்ளேயே முதற்குறிப்பை ராயல் சொசைட்டிக்கு அனுப்பிவிட்டனர். செய்தி பீட்டர்ஸ்பர்க் நகரை எட்டியது. பாவ்லோவின் மாணவர்கள் கொதித்தனர். பாவ்லோவ் வாதாடவில்லை, அச்சோதனையைத் தம் கண்முன் செய்து காட்டும்படி மாணவர் ஒருவரைப் பணித்தார். எல்லோரும் சூழ்ந்து நிற்க, சாறு ஏற்றப்பட்டது, கணையநீர் சொட்டியது. பாவ்லோவ் ஒரு சொல்லும் பேசாது தம் அறைக்குட் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி கழித்து வெளியே வந்து, அவர்கள் கண்டதே சரியென ஒப்புக்கொண்டார். உண்மை முழுவதையும் காணும் உரிமையைத் தாம் ஒருவரே பட்டாவாகப் பெற்றிருக்கவில்லை என்னும் கருத்துப்படவும் மொழிந்தார். 1904-இல் நோபெல் பரிசு பெற்றவர் பாவ்லோவ். ஸ்டார்லிங்குக்கு அப்பரிசு கடைசிவரை கிட்டவில்லை. எனினும் அந்த அரைமணி நேரம் பூட்டிய அறையினுள் நடந்ததை எண்ணுங்கால், பாவ்லோவின் மீதும் நமக்கு அன்பு பெருகுகின்றது.

கண்டுபிடிப்பின் புகழ் அடங்குமுன்பே வழக்கு ஒன்று வந்தது. 1902 டிசம்பரில் ஸ்டார்லிங் பழுப்புநிற நாய் ஒன்றின் கணையக் குழாயைக் கட்டியிருந்தார். 1903 பிப்ரவரியில், அதன் விளைவைக் காண அதே நாயின் வயிற்றைத் திறந்து பார்த்தபின், வகுப்பு மாணவருக்குக் காட்டும் பொருட்டு அதனைப் பேலிஸிடம் ஒப்புவித்தார். பேலிஸ் வேறொரு சோதனையை அதன்மீது நடத்தினார். வகுப்பில் இருந்த ஸ்வீடன் நாட்டு மகளிர் இருவர், நாய் மயக்கமுறாமல் துடித்தது என்று நூல் எழுதினர். விலங்குச் சோதனையை எதிர்ப்போரின் தலைவர்களுள் ஒருவராகிய ஸ்டீபன் கோல்ரிட்ஜ் பொதுக்கூட்டத்தில் அதனை முழங்கவே, பேலிஸ் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1903 நவம்பரில் விசாரணை நடந்தது. முதற் சாட்சியாக ஏறியவர் ஸ்டார்லிங். ஒரே நாயை இருமுறை பயன்படுத்துதல் சட்டத்துக்கு மாறானது. அதனை அவர் மறைக்கவில்லை. தாம் சட்டத்தை மீறியதுண்டு என்றும், மற்றொரு நாயின் உயிரை மிச்சப்படுத்தவே அவ்வாறு செய்ததாகவும் கூண்டில் நின்றே ஒப்புக்கொண்டார். நடுவர் குழு பேலிஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2,000 பவுன் நட்டஈடு கிடைத்தது. பேலிஸ் அத்தொகையைக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டார்.

வழக்கு முடிந்தும் பூசல் ஓயவில்லை. 1906-இல் பாட்டர்சீ என்னும் இடத்தில் அந்நாய்க்குச் சிலை வைத்தனர்; மருத்துவ மாணவர் கூட்டங்கூட்டமாய்ச் சென்று அதனை உடைக்க முயன்றனர்; தெருக்களிற் கைகலப்பு நிகழ்ந்தது; 1910-இல் இரவோடிரவாகச் சிலை அகற்றப்பட்டது. 1985-இல் வேறொரு சிலை நிறுவப்பெற்றது. இப்பகுதியை எழுதும்போது நம் எழுதுகோல் தயங்கியது. அந்நாய் வாய் திறந்து வழக்காட முடியாதது. நாம் முதலிற் சொன்ன குழந்தையும் வாய் திறந்து நோய் சொல்ல அறியாதது. ஒன்றின் உயிரால் மற்றொன்றின் உயிர் காக்கப்பட்டது என்று எளிதிற் சொல்லிவிட நமக்கு நா எழவில்லை. நடந்ததை மறைக்கவும் மனமில்லை.

தமிழ் மாணவராகிய நமக்கு ஸ்டார்லிங்கின் வாழ்வில் மிக இனிக்கும் பகுதி இனி வருவதே. செக்ரீட்டின் ஒன்றுதான், அதனையொத்த தூதுப்பொருள்கள் உடலிற் பல இருத்தல் வேண்டும் என அவர் கருதினார். அவற்றையெல்லாம் சுட்ட ஒரு பொதுச்சொல் இல்லை. கேம்பிரிட்ஜ் நகரில் வில்லியம் ஹார்டி என்னும் அறிஞர் அழைத்த விருந்தொன்றில் இக்குறையைப் பற்றிப் பேச்செழுந்தது என்றும், உடனிருந்த வீசி என்னும் கிரேக்க மொழிப் புலவர், கிளர்ந்தெழச் செய்தல் என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல் ஒன்றை எடுத்துக்கொடுத்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. 1905 ஜூன் மாதத்தில், லண்டன் மருத்துவர் கல்லூரியில் நிகழ்த்திய குரோனியன் சொற்பொழிவுகளில் ஸ்டார்லிங் அதனை முதன்முதலாக வழங்கினார். அச்சொல்லே ஹார்மோன். பழங்கவிதையிலேயே மூழ்கிக் கிடந்த ஒரு புலவர், சோற்றுத்தட்டின் முன்னமர்ந்து உலக மருத்துவத்துக்கு ஒரு சொல் ஈந்தார் என்றால், மொழி பயில்வதால் யாது பயன் என்று நம்மைக் கேட்கும் விஞ்ஞான வகுப்புத் தோழர்க்கு நாம் சொல்லிக்கொள்ளலாம். தமிழில் இதனை இயக்குநீர் என்றும், சுரப்பு நீர் என்றும் வழங்குவர். இலங்கைத் தமிழர் ஓமோன் என்பர். தூது என்னும் பிரபந்த வகையை உடைய நாம் அச்சொல்லையே ஆண்டிருக்கலாகாதா என்பது நம் ஆசை. கிளியும் அன்னமும் முகிலும் தென்றலும் தலைவனிடம் செல்வதுபோல, இப்பொருளும் பிறந்த இடத்தை விட்டு நீங்கிக் குருதியாற்றில் மிதந்து, தனக்குரிய உறுப்பை மட்டும் இனங்கண்டு செய்தி சொல்லி அழிந்துவிடுகின்றது.

அதன் பின்னர் ஸ்டார்லிங் இதயத்தை ஆராய்ந்தார். நிரம்ப நிரம்ப அதன் தசை நீண்டு, நீண்ட அளவுக்கு வலுவாய்ச் சுருங்கும் என்னும் விதி இன்றும் அவர் பெயரோடு ஜெர்மானியராகிய பிராங்கின் பெயரையும் சேர்த்து வழங்கப்படுகின்றது. முதல் உலகப்போரில் நச்சுப்புகைக்கு எதிரான பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டார்; சலோனிகா போர்முனைக்கும் சென்றார்; பின்னர் நாட்டின் உணவுப் பங்கீட்டுக்கு அறிவுரையாளராய் இருந்தார். மேலதிகாரிகளின் மெத்தனத்தை அவர் முகத்துக்கு நேரே கண்டித்து வந்தார். 1922-இல் பேலிஸுக்கு அரசர் சர் பட்டம் அளித்தார். ஸ்டார்லிங்குக்கு அது வரவில்லை. அதற்காக அவர் மைத்துனரிடம் சிறிதும் முகம் கோணியதாகத் தெரியவில்லை.

குடலை ஆராய்ந்தவரைக் குடலே வருத்தியது. 1920-இல் பெருங்குடலிற் புற்று கண்டு, அதன் ஒரு பகுதியை அறுத்தெடுத்தனர். அதன்பின்னும் ஏழாண்டு உழைத்தார். சிறுநீரகத்தைத் தனியே இயக்கிப் பார்க்கும் முறையை வெர்னி என்னும் இளைஞரோடு சேர்ந்து அமைத்தார். 1924-இல் பேலிஸ் மறைந்தார். 1927 வசந்தத்தில் உடல்நலம் வேண்டி ஸ்டார்லிங் தனியே மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். வாழைப்பழம் ஏற்றிச் செல்லும் கப்பல் அது. மே 2-ஆம் நாள், ஜமேக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தைக் கப்பல் நெருங்குகையில், அவர் உயிர் நீங்கிற்று. மனைவியோ மக்களோ நண்பரோ அருகிலில்லை. அவ்வூரிலேயே அடக்கம் செய்தனர்.

அவர் கண்ட தூதுமுறையில் பொய்த்தூதும் உண்டு என்பது அவர் மறைந்தபின் வெளியாயிற்று. 1958-இல் அமெரிக்காவில் வெர்னர், மாரிசன் என்னும் மருத்துவர் இருவர், ஓயாத நீர்ப்போக்கினால் உடலின் பொட்டாசியம் வற்றி உயிரிழந்த இருவரைப் பற்றி எழுதினர். இருவர்க்கும் கணையத்திற் கட்டி இருந்தது. கிருமியின்றியே காலராவைப் போல் நீர் கொட்டியமையின் கணையக் காலரா என்றும் இந்நோயைப் பிறர் அழைத்தனர். கட்டி எதனைச் சுரக்கின்றது என்பதுமட்டும் அன்று புலப்படவில்லை.

விடை ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது. அங்கே ஜார்ப்ஸ், மட் என்னும் இருவர் பன்றிக் குடல்களை மலைமலையாய்ச் சேர்த்து, ஸ்டார்லிங் கண்ட செக்ரீட்டினை 1960-களில் தூய்மையாய்ப் பிரித்தெடுத்தனர். அஃது 27 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. பின்னர் எகிப்தில் பிறந்த சையது என்னும் மருத்துவர் மட்டுடன் சேர்ந்து, அதே குடற்சாற்றில் குருதிக் குழாய்களை விரிக்கும் பொருள் ஒன்றைத் தேடினார். 1970-இல் அது கிடைத்தது. 28 அமினோ அமிலங்கள் உடையது. செக்ரீட்டினுக்கு உடன்பிறப்பென்னும்படி ஒத்தது. வாசோஆக்டிவ் இன்டெஸ்டினல் பெப்டைடு என்னும் நெடும்பெயரைச் சுருக்கி வி.ஐ.பி. என்றனர். நாளேடுகள் பெரிய மனிதரைக் குறிக்க வழங்கும் சொல்லோடு இதனை மயங்கலாகாது. 1973-இல் லண்டனில் புளூம், போலக், பியர்ஸ் ஆகியோர், அந்நீர்ப்போக்கு நோயாளிகளின் கட்டியிலும் குருதியிலும் இப்பொருள் மிகுந்திருப்பதைக் காட்டினர்.

இங்கே ஒரு விந்தை உண்டு. நலமுள்ள உடலில் வி.ஐ.பி. பெரிதும் வாழ்வது நரம்புகளின் நுனியில். நரம்பு அதனைச் சிறிதளவு உமிழும். அருகிலுள்ள திசு உணரும். குருதியிற் கலந்த சிறிதும் ஓரிரு நிமிடத்தில் அழியும். பாவ்லோவ் சொன்ன நரம்பும் ஸ்டார்லிங் சொன்ன தூதுப்பொருளும் இதனில் ஒன்றாகிவிட்டன. கட்டியோ இவ்வரம்பை உடைத்துவிடுகின்றது. வளர்ந்தோர்க்கு அது பெரும்பாலும் கணையத்தில் தோன்றும். குழந்தைகட்கோ கணையத்தில் வருவது மிக அரிது. அட்ரீனல் சுரப்பியிலோ முதுகெலும்பின் இருமருங்கும் ஓடும் நரம்புச் சங்கிலியிலோ, நரம்புத் திசுவினின்றே அது முளைக்கும். நரம்பின் பிள்ளையாகலின் நரம்பின் பொருளையே செய்கின்றது. ஆனால் நுனியில் ஒரு துளியாக உமிழாது, குருதியில் இடைவிடாது ஊற்றுகின்றது.

வளர்ந்த ஒருவரின் குடல்வழியே நாளொன்றுக்கு 8 அல்லது 9 லிட்டர் நீர் கடந்து செல்கின்றது. உமிழ்நீரும் இரைப்பைநீரும் கணையநீரும் பித்தமும் உண்ட நீரும் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. அதில் கால் லிட்டருக்கும் குறைவே வெளியேறும். எஞ்சியதைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். வி.ஐ.பி. குடலணுக்களின் வாயிலில் அமர்ந்தவுடன் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருள் பெருகும். குளோரைடு வெளியே பாயும். உப்பைத் தொடர்ந்து நீரும் பாயும். காலரா நஞ்சு திறப்பதும் இக்கதவையே. உணவு காரணமன்றாகலின் பட்டினி கிடந்தாலும் போக்கு நிற்பதில்லை. பொட்டாசியம் கழிந்து தசைகள் தளரும். குருதியின் காரம் குறையும். குழந்தை வளராது நிற்கும்.

எனவே இன்று, உண்ணாமற் கிடத்தியும் போக்கு நிற்காத குழந்தையைக் கண்ட மருத்துவர் உணவைக் குறை கூறுவதை விட்டு, வயிற்றையும் நெஞ்சையும் படமெடுத்துப் பார்க்கின்றனர். குருதியை எடுத்து, வி.ஐ.பி. அழியாதிருக்கப் பனிக்கட்டியிற் குளிர்வித்த குழலில் ஊற்றி விரைவாய் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகின்றனர். கட்டி தெரிந்தாலும் அக்கணமே கத்தியை எடுப்பதில்லை. இழந்த நீரையும் பொட்டாசியத்தையும் முதலில் ஈடு செய்தல் வேண்டும்; அன்றேல் அறுவை மேசையிலேயே இதயம் தடுமாறும். தேவையாயின் ஆக்ட்ரியோடைடு என்னும் மருந்தால் கட்டியின் சுரப்பைச் சில நாள் அடக்கி வைப்பர். அதுவும் ஒரு ஹார்மோனைப் பார்த்துச் செய்யப்பட்டதே. குழந்தைகளிடம் இவ்வாறு சுரப்பவை பெரும்பாலும் நரம்புக் கட்டிகளில் முதிர்ந்த வகையாகலின், முழுதும் அகற்ற இயலும்போது பலர் பிழைக்கின்றனர். சிலவோ பரவிய புற்றாயிருப்பதும் உண்டு. அவர்க்குச் சிகிச்சை நெடிது. கட்டி முழுதும் வெளியேறிய குழந்தைக்குப் பல மாதம் நில்லாத போக்கு சில நாட்களிலேயே நின்றுவிடுகின்றது.

ஸ்டார்லிங்கும் பேலிஸும் 1902-இல் எழுதிய குறிப்புகளில் சிறிய செய்தி ஒன்று உண்டு. குடலைச் சுரண்டி அரைத்த அந்தக் கலங்கற் சாற்றை ஏற்றியபோது, கணையநீர் சொட்டியதோடு நாயின் குருதியழுத்தமும் வீழ்ந்தது. இது செக்ரீட்டினின் செயல் அன்று, சாற்றில் வேறொரு பொருளும் கலந்துள்ளது என்று அவர்கள் சரியாகவே கணித்தனர். அதனைப் பின்தொடர நேரமின்றி விட்டுவிட்டனர். அரைத்த குடலில் அழுத்தத்தை வீழ்த்தும் பொருள்கள் பல. அவற்றுள் ஒன்றாகிய வி.ஐ.பி.யும் அன்று அந்த வடிகட்டியின் வழியே இறங்கியிருத்தல் கூடும்.